இல்லாத பவுடரின் வாசம்

1974 செப்டம்பர் 18, புதன்கிழமை. அன்றும் விடிவதற்கு முன்பே எழுந்தேன். கிணற்றில் தண்ணீர் சேந்தி, சீயக்காயை உடம்பெல்லாம் அழுத்தித் தேய்த்துக் குளித்தேன். அரை எலுமிச்சம்பழத்தை நகக்கண்களில் வைத்துத் தேய்த்தேன். முதல் நாள் பட்டறைக்குப் போட்டுப்போன சட்டையையும் வேட்டியையும் தனி வாளியில் அலசி, வீட்டுக் கொடியில் போடாமல், மதிலுக்கு வெளியே அதற்கென்றே கட்டியிருந்த கம்பியில் காயப்போட்டேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சமையலறை வாசலில் நின்று காப்பி கேட்கலாம். முன்னால் கேட்டால் கிடைக்காது. தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் முறை.

அப்படிக் குளிப்பதால் ஒரு பயனும் இல்லை என்பது அன்றைக்கு எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். இருந்தாலும் குளித்தேன். கை பழக்கப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தால் மனம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அன்று காலை பஸ்ஸில் அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்துப்போக வேண்டும். கழுத்தில் ஊசி குத்தி, மருந்து செலுத்தி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கப்போகிறார்கள்.

அவள் எதுவும் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு மட்டும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"இன்னிக்கு வாசமே இல்லீங்க" என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று புரிந்தது.

நான் நொய்யல் கரையில் ஒரு சலவைப்பட்டறையில் மேஸ்திரி. பனியன் துணி மெஷினிலிருந்து இறங்கும்போது வெள்ளையாக இருக்காது. எண்ணெய்க் கறையும் பஞ்சின் பழுப்புமாக இருக்கும். அதைச் சிமெண்டுத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்து வெள்ளையாக்குவது எங்கள் வேலை. பட்டறையில் அதை வெறுமனே பவுடர் என்றுதான் சொல்வோம். அதன் வாசம் மூக்கில் ஏறி, தொண்டையில் தங்கி, கண்ணைக் கரிக்கும். காற்று திரும்பினால் தெரு முழுக்க வரும். திருப்பூரில் ஒருவர் பவுடர் வாசம் வருகிறது என்று சொன்னால், சாயங்காலம் இருட்டுகிறது என்று சொல்வது போலத்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் தை மாதத்தில் ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியை நிறுத்திவிட்டு மூக்கைச் சுளித்தபோது, எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"ஏனுங்க, பட்டறையத் தூக்கி மடியில கட்டிட்டு வந்துட்டீங்களா?"

"தண்ணி வாத்துட்டுத்தானே வந்து உக்காந்தேன்?"

"வாத்தது பத்தலீங்க. போயி இன்னொருக்கா வாத்துட்டு வாங்க. சோறு எங்கயும் போயிராது."

போனேன். குளித்துவிட்டு வந்தால் வாசம் போயிருந்தது. "இப்பப் பாத்தீங்களா?" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, சித்திரைக்குப் பிறகு இன்னும் அடிக்கடி, இதே பேச்சு. ஒவ்வொரு முறையும் நான் கிணற்றடிக்குப் போவேன். திரும்பி வரும்போது வாசம் இருக்காது. குளித்ததால்தான் போனது என்று இருவரும் நம்பினோம். அந்த வாசம் அவளுக்கு வந்து போவது ஓரிரு நிமிடம்தான் என்பதும், நான் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் போயிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

பட்டறையில் இது பெரிய கேலியாகிவிட்டது. நான் அடிக்கடி குளிப்பதை அடுத்த வீட்டுக்காரர் அங்கே போய்ச் சொல்லிவிட்டார். "மேஸ்திரி நாளுக்கு நாள் வெளுத்துட்டே வர்றாருங்க. இன்னும் ஒரு முக்கு முக்குனா வெள்ளைக்காரராயிருவாரு" என்று தொட்டிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டறையை விட்டுத் தள்ளி, நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீடு வாடகைக்குப் பார்த்துவிட்டும் வந்தேன். நான் தினமும் டைரி எழுதுகிறவன். மழை பெய்தது, கரண்ட் போனது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது எல்லாம் அதில் இருக்கும். பவுடர் வாசத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது எழுதுவதற்குரிய விஷயமாகவே தோன்றவில்லை.

அவளுடைய தம்பி அமராவதி நகரில் அணைத் தண்ணீரில் கரும்பு வைத்திருக்கிறான். ஆடிப் பதினெட்டுக்கு அவளை அங்கே அனுப்பினேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லாததால் அவளுக்குப் போக்கிடம் அந்த ஒரு வீடுதான். எனக்குப் பட்டறையில் வேலை இருந்தது, போகவில்லை. நான்காம் நாள் தம்பியே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வழக்கமாகப் பஸ் ஏற்றிவிட்டு நின்றுகொள்வான். வந்தவன் காப்பிகூடக் குடிக்காமல் என்னை மதிலுக்கு வெளியே, என் துணி காய்கிற கம்பியருகே கூட்டிப்போனான்.

"மச்சான், ஒன்னு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஆடிப் பதினெட்டன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் வந்தீங்களா?"

"நான் எங்க வந்தேன்? பட்டறையிலதான் இருந்தேன். எதுக்குக் கேக்கற மாப்பிளே?"

அவன் சொன்னான். எல்லோரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா திடீரென்று கையை நிறுத்தி, "உங்க மச்சான் வந்துட்டாரு, பவுடர் வாசம் வருது" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் யாரும் இல்லை. தம்பி கேலி செய்தான். அவள் பதில் சொல்லவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. வாயில் ஏதோ ருசி பார்ப்பது போல உதட்டைச் சப்புக்கொட்டினாள். விரல்கள் சேலை முந்தியைப் பிய்ப்பது போல நிமிண்டின. இலை சரிந்து சோறு கொட்டியது. கூப்பிட்டார்கள், உலுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "எதுக்கு எல்லாரும் என்னையவே பாக்கறீங்க?" என்று கேட்டாளாம்.

"அங்க எங்கீங்க மச்சான் பவுடரு? தண்ணியும் கரும்புந்தானே இருக்குது?"

கம்பியில் என் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் அப்போதுதான் தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து, நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, "வருதுங்க" என்றாள். கால் தானாகக் கிணற்றடிக்குக் கிளம்பியது. போகாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறேழு மாதத்தில் அந்த நேரத்து முகத்தை நான் பார்த்ததே இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்விடுவேனே. உதடு அசைந்தது. கண் என்னைத் தாண்டிச் சுவரில் நின்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அதற்கும் அவள் திரும்பவில்லை.

உள்ளூர் டாக்டர் கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்குக் காட்டினார். மண்டையோட்டின் உட்புறத்தில் ரத்தக்குழாய் பதிந்து ஓடுகிற தடம் எல்லோருக்கும் கோடு போல இருக்குமாம். இவளுக்கு வலது காதுக்கு மேலே அது வாய்க்கால் போல அகன்றிருந்தது.

"அந்த எடத்துல எதுவோ ரத்தத்தை நிறைய இழுக்குது" என்றார். "பொறக்கும்போதே ரத்தக்குழாய் சிக்கலா முடிஞ்சு கெடக்கலாம். இல்லைன்னா கட்டி. கட்டின்னா அதுலயும் ரெண்டு இருக்கு. மூளைக்குள்ளயே வளர்றது ஒண்ணு. மூளைக்கு மேல இருக்கற உறையில வளர்ந்து மூளையை அமுக்கறது ஒண்ணு. உறையில வளர்றதுன்னா எடுத்துடலாம். சிக்கல்னா யோசிக்கணும். உள்ளயே வளர்றதுன்னா..." என்று தொடங்கி, மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "படம் எடுத்தாத்தான் தெரியும். மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டர் மாசம் ஒருதடவை புதன்கிழமை வர்றார். அவர் எடுப்பார்."

மூக்கில் வந்த வாசத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வாசத்தை உணர்கிற இடம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அது நசுங்கும்போது இல்லாத வாசம் வரும் என்றார். சிலருக்கு ரப்பர் எரிகிற வாசம் வருமாம். இவளுக்குத் தெரிந்த நாற்றம் பவுடர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: "உள்ள வளர்றதுன்னா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களா?"

"இல்ல."

"நல்லது. கேக்காதீங்க."

புதன்கிழமை வருவதற்குள் அந்த மூன்றையும் நான் மாற்றி மாற்றி நினைத்தேன். தொட்டியில் துணி முக்கும்போதும் மூன்று, எடுக்கும்போதும் மூன்று. உறையில் இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். மனைவியின் தலைக்குள் கட்டி இருக்க வேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொள்கிற நிலை வரும் என்று நான் நினைத்ததில்லை.

கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பதினெட்டாம் தேதி காலையில் அவள் சாமி படத்துக்கு முன்னால் நின்று தாலிக்கொடியைக் கழற்றினாள். அதற்கு முன்பே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று இரண்டையும் மாற்றுவதில் அவ்வளவு கவனம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, கழுத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், கயிறும் ஆகாது என்று சொல்லிவிட்டாள். என் மனைவி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். கயிற்றை நானே அவிழ்த்து அவளுடைய இடது மணிக்கட்டில் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. நாளெல்லாம் துணி மூட்டை கட்டுகிற கை அது.

மெட்ராஸ் டாக்டர் என்னிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் சொன்னார். ஊசி குத்தும்போது அவள் விழித்துத்தான் இருப்பாள். மருந்து போகும்போது முகம் எரியும். அபூர்வமாக இடது பக்கம் கைகால் விழுந்துபோகலாம், பேச்சுப் போகலாம். "ரொம்ப அபூர்வம்" என்று மறுபடியும் சொன்னார். பேச்சுப் போகலாம் என்பது மட்டும் என் காதில் நின்றது.

கதவு மூடியது. நானும் மச்சினனும் வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். அவன் அமராவதியிலிருந்து நேராக வந்திருந்தான்.

"மண்டையத் தொறந்தா திரும்ப மூடத் தெரியுமான்னு கேட்டீங்களா மச்சான்?" என்றான். சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது.

உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. அந்த நேரத்தில்தான் எனக்குப் பவுடர் வாசம் வந்தது. லேசாக வந்து, பிறகு மூக்கில் நன்றாக ஏறியது. முதுகில் வேர்த்துவிட்டது. இது தொற்றிக்கொள்கிற வியாதியா, இல்லை எனக்கும் உள்ளே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று புத்தி எங்கெங்கோ போனது.

"மாப்பிளே, உனக்கு ஏதாச்சும் வாசம் வருதா?"

"சாம்பார் வாசம் வருதுங்க. கீழ கேன்டீன் இருக்குது."

"பவுடர் வாசம்?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் உதடு அசைகிறதா என்றுதான் பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் தாழ்வாரத்தின் மூலை திரும்பி ஓர் ஆயா வந்தாள். கையில் டப்பா. சாக்கடை ஓரமாக வெள்ளைப் பவுடரைத் தூவிக்கொண்டே வந்தாள்.

"அட சாமி! ஒரு நிமிசத்துல என்னையக் கொன்னே போட்டீங்களே" என்று மச்சினன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

அப்போது உள்ளே எக்ஸ்ரே தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக இழுக்கிற சத்தம் கேட்டது. கூடவே என் மனைவி "அம்மா!" என்று அலறினாள். அந்த அலறலைக் கேட்டு எனக்கு வந்தது நிம்மதி. பேச்சு இருந்தது.

வெளியே கொண்டுவந்தபோது ஒரு நர்ஸ் அவளுடைய கழுத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கூடவே நடந்தாள். "கண்ணுக்குள்ள மொளகாப்பொடிய ஊதுன மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் என் மனைவி. நான் அவளை இடது கையை மடக்கச் சொன்னேன். மடக்கினாள். காலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். "போதும் போங்க, டாக்டராட்டப் பண்றீங்க" என்றாள்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். ஃபிலிம்கள் இன்னும் ஈரமாக, கிளிப்பில் தொங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. சின்ன டாக்டரும் நின்றிருந்தார். மெட்ராஸ் டாக்டர் ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் மாட்டினார். முதல் படத்தில் கழுத்திலிருந்து தலைக்கு ரத்தக்குழாய்கள் வெள்ளை வெள்ளையாக ஏறிக் கிளைத்திருந்தன, மண்ணைக் கழுவிய வேர் போல. அடுத்த படத்தில் கிளைகள் மங்கியிருந்தன. மூன்றாவதில் ரத்தம் திரும்பி வருகிற குழாய்கள் மட்டும். கடைசிப் படத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. ஆனால் காதுக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை மட்டும் அப்படியே நின்றது. மற்ற படங்களிலும் அது இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஆயுசு முழுக்கத் துணியில் வெள்ளை ஏறவில்லையே என்று கவலைப்பட்டவன் நான். அந்த வெள்ளையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இதைப் பாருங்க" என்று டாக்டர் பென்சிலால் சுற்றினார். "மருந்து போனதும் முதல்ல வந்து உக்காந்துக்குது. எல்லாம் போனப்புறமும் போகாம நிக்குது. எங்க வாத்தியார் இதை மாமியார்னு சொல்வார். சீக்கிரம் வருவாங்க, லேசுல கெளம்ப மாட்டாங்க."

சின்ன டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "எதுங்க?" என்று மட்டும் கேட்டேன். எது என்று விளக்கிக் கேட்க வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"உறையில வளர்ற கட்டி. ஓரம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. ரத்தமும் மூளையோட குழாய்லேர்ந்து வரல்ல, உறைக்குப் போற குழாய்லேர்ந்துதான் வருது. இது எடுக்கற கட்டி." பென்சிலைக் கீழே வைத்தார். "ஆனா தொட்டா ரத்தம் கொட்டும். அது எந்த வழியா வருதுன்னு தெரியாமத் தொறக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் படம். அடுத்த வாரம் மெட்ராசுக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

கும்பிட்டேன். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றில் நான் வேண்டிக்கொண்டதுதான் வந்திருந்தது. இருந்தாலும் ரத்தம் கொட்டும் என்ற சொல் கூடவே வந்துவிட்டது. மச்சினன் ஓடி வந்து, "என்னுங்க மச்சான், என்னுங்க?" என்று கேட்டபடி என் தோளைப் பிடித்து உலுக்கினான். "எடுக்கலாமாம்" என்றேன். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மாமியார் என்று சொன்னதையும் சொன்னேன்.

கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். "அப்ப என் மண்டைக்குள்ள உக்காந்திருக்கறது உங்கம்மாதானுங்களா? நானும் அவங்க போயிச் சேந்துட்டாங்கன்னில்ல நெனச்சேன்."

மச்சினன் வெடித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நாளில் அது ஒன்றுதான் சிரிப்பு. அடங்கியதும் அவள் கேட்டாள்: "எடுத்தா வாசம் போயிருங்களா?"

"போயிரும்னு சொல்றாங்க."

"எனக்கு ரத்தமெல்லாம் பயமில்லீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பொய்யி. பயந்தான்" என்றாள். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாள். கழுத்தில் கட்டுப் போட்டிருந்ததால் அதை இன்னும் மாற்றவில்லை.

ஊசி குத்திய இடம் வீங்கினால் மூச்சை அடைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இரவு நானும் மச்சினனும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். வீங்கவில்லை.

மறுநாள் 19ஆம் தேதி, வெளுக்கும் நேரம். மச்சினன் தாழ்வாரத்தில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் விழித்திருந்தாள்.

"ஏனுங்க. வருதுங்க."

என் கை கட்டிலின் கம்பியில் கிடந்த குளிக்கிற துண்டை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. திரும்பப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. கண் என்னையே பார்த்தது, பயத்தோடு பார்த்தது. மூச்சை இழுத்தேன். எனக்கும் வந்த மாதிரி இருந்தது. எனக்கு வரவேண்டும் என்று நினைத்ததால் வந்ததோ என்னவோ, என் மூக்கை நான் நம்பவில்லை.

கதவைத் திறந்து வெளியே போனேன். சாக்கடை ஓரத்தில் அந்த ஆயா குனிந்து பவுடரைத் தூவிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு சிட்டிகை கேட்டேன்.

"இத எதுக்குங்க சாமி? கையெல்லாம் அரிக்குமே" என்றாள்.

"எனக்கு அரிக்காது, கொடும்மா" என்று உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். கையை அவள் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் பிடித்தேன்.

"இதுங்களா?" என்றாள்.

"இதுதான். வெளிய போடறாங்க. எனக்கும் வருது."

"நெசமாலுமா?"

"நெசமாத்தான். தம்பிய எழுப்பிக் கேளு."

அவள் என் கையைப் பிடித்து இன்னும் பக்கத்தில் இழுத்து மோந்தாள். தும்மல் வந்தது. தும்மினால் கழுத்து வலிக்குமே என்று நான் பதறினேன். வலிக்கத்தான் செய்தது. கண்ணில் தண்ணீரோடு கொஞ்ச நேரம் என் கையை விடாமல் வைத்திருந்தாள்.

"போயிக் கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.